ஐந்து நிமிடம் முந்துகிற வாட்ச்

அன்புள்ள ஐயா,

உங்கள் விமானப்படை நாட்களைப் பற்றிய குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். 12 வருடமாக ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. ஆறு வருடமாக சுவிஸ் வாட்சுகள் சேர்க்கிறேன். இப்போது ஒன்பது இருக்கின்றன, அதில் ஏழு பேங்க் லாக்கரில். மாதம் ஒரு ஞாயிறு இந்திராநகரில் எட்டுப் பத்துப் பேர் கூடி, அவரவர் வாட்சை மேஜைமேல் வைத்துப் பேசிக்கொண்டிருப்போம்.

போன தசராவுக்கு மைசூரில் ஹெலிகாப்டரில் பத்து நிமிடம் பறந்தேன். பாதியில் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை நேராகக் கேட்டேன். அன்று கட்டியிருந்தது விமானிகளுக்கென்றே வடிவமைத்த ஆட்டோமேட்டிக் வாட்ச். மறுநாளிலிருந்து அது தினம் நாலைந்து நிமிடம் முந்துகிறது. அதிர்வில் உள்ளே ஏதாவது உடைந்திருக்குமா? சர்வீஸ் செய்கிற இடத்தில் முழுசாகப் பிரிக்க வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள்.

இன்னொன்று. இந்தப் பயணத்தை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். ஒருவர் டிக்கெட் எவ்வளவு என்றார். அடுத்தவர் தான் கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டரில் போனதைச் சொன்னார். இன்னொருவர் துபாய் என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. அப்பா சுரங்கம் மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர். "மணி பாக்க ஒண்ணு போதாதாடா?" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் செய்வது வெறும் பணத்தைக் காட்டுகிற காரியமா?

கே., ஒயிட்ஃபீல்டு

*

அன்புள்ள தம்பி,

முதலில் வாட்சைப் பார்த்துவிடுவோம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு சின்னத் திசைகாட்டி வாங்குங்கள், பள்ளிப் பிள்ளைகள் பெட்டியில் வைத்திருக்கிற மாதிரி. மேஜையில் வைத்து, முள் அசையாமல் நின்றதும் வாட்சை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோங்கள். உள்ளே இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கிற சின்னச் சக்கரம், அதாவது பேலன்ஸ் வீல், இருக்கிற பக்கத்தை நெருங்கும்போது முள் வெடுக்கென்று திரும்பினால், வாட்சில் காந்தம் ஏறியிருக்கிறது. திரும்பும் என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஹெட்செட்டின் இரண்டு காதிலும் ஸ்பீக்கர் உண்டு. ஸ்பீக்கர் என்றால் உள்ளே காந்தம். அதன்மேல்தான் வாட்ச் கட்டிய கையை வைத்திருந்தீர்கள்.

வாட்சுக்குள் ஹேர் ஸ்பிரிங் என்று ஒரு சுருள் இருக்கிறது. கொசுவர்த்திச் சுருளைத் தலைமுடி அளவுக்கு மெலிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. அது விரிந்து சுருங்குவதில்தான் பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. காந்தம் ஏறினால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடும். கயிறு நீளமான ஊஞ்சல் ஆடி அசைந்து போகும், கயிறு குட்டையானால் விறுவிறுவென்று ஆடும். உங்கள் வாட்சுக்கும் அதே கதிதான். இன்றைய ஆட்டோமேட்டிக் பலவும் மணிக்கு 28,800 துடிப்பு. நாளுக்கு 6,91,200. அதில் ஆயிரத்துக்கு மூன்று துடிப்பு கூடினாலே நாலு நிமிடத்துக்குமேல் முந்திவிடும்.

காந்தம் நீக்குகிற சின்னக் கருவி எந்த நல்ல வாட்ச் மெக்கானிக்கிடமும் இருக்கும். சில நொடி வேலை. அதற்கப்புறமும் முந்தினால் பிரிக்கட்டும். ரோலெக்ஸ் 1956-இல் மில்காஸ் என்ற மாடலைக் கொண்டுவந்ததே காந்தத்துக்கு நடுவில் வேலை செய்கிறவர்களுக்காகத்தான், 1,000 காஸ் வரை தாங்கும் என்று. காஸ் என்பது காந்தப் புலத்தை அளக்கிற அலகு. இப்போது சில கம்பெனிகள் சிலிக்கானில் ஹேர் ஸ்பிரிங் செய்கின்றன, அதில் காந்தம் ஏறாது.

அதிர்வில் உடைந்ததா என்று கேட்டீர்கள். அதிர்வில் கெட்ட வாட்ச் பெரும்பாலும் நிற்கும், அல்லது ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும். தினமும் ஒரே அளவு முந்துவது அபூர்வம். பத்து நிமிடச் சவாரிக்கு அதெல்லாம் ஆகாது. ஆனால் ஹெலிகாப்டர் அதிர்வு என்று நீங்கள் எழுதியதும் என் கை தானாகத் தோள்பட்டைக்குப் போனது. அந்த அதிர்வோடுதான் என் இளமை போயிற்று.

நான் சேதக் ஹெலிகாப்டரில் டெக்னீஷியனாக இருந்தேன். பிரான்சின் அலுவெட் 3-ஐ உரிமம் வாங்கி நம் பெங்களூரில் அரசு விமானத் தொழிற்சாலையான ஹெச்.ஏ.எல். கட்டியதுதான் சேதக். தலைக்குமேல் மூன்று பிளேடு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 சுற்று. மூன்றும் ஒரே தட்டில் சுற்ற வேண்டும். ஒன்று விரற்கடை மேலேறிப் போனாலும் மெஷின் முழுக்கக் குலுங்கும், உட்கார்ந்திருப்பவரின் பல் கிட்டிக்கும்.

எந்த பிளேடு மேலே போகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. மூன்று பிளேடின் நுனியிலும் ஒவ்வொரு வண்ணச் சாக்பீஸைத் தேய்ப்போம். சிவப்பு, நீலம், மஞ்சள். ஒரு கம்பத்தில் கேன்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, ரோட்டர், அதாவது அந்த பிளேடுகளின் தொகுதி, முழு வேகத்தில் சுற்றும்போது ஒருவர் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பிளேடின் நுனி துணியை மெல்ல உரசும்வரை சாய்க்க வேண்டும். பட்டென்று ஒரு சத்தம். உடனே விலகிவிட வேண்டும். துணியில் மூன்று கோடு விழுந்திருக்கும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் பிளேடுகள் சரி. நீலம் மட்டும் தனியாக மேலே நின்றால், மெஷினை நிறுத்தி, நீலப் பிளேடின் சாய்வை மாற்றுகிற பிட்ச் ராடை அரைச் சுற்று, கால் சுற்று திருகி, மறுபடி சாக்பீஸ், மறுபடி துணி. சில நாள் ஆறேழு தடவை. கம்பம் பிடிக்கிற வேலை பெரும்பாலும் எனக்குத்தான் வரும், கை நடுங்காது என்பதால்.

வேலை முடிந்ததும் டெஸ்ட் ஃப்ளைட். சரிசெய்த டெக்னீஷியனும் கூடப் போக வேண்டும், அது எங்கள் யூனிட்டில் எழுதாத சட்டம். ஒரு நாள் பைலட்டின் முழங்காலில் கட்டியிருந்த எழுதுபலகையைக் கவனித்தேன். காலையில், பிளேடு சரியில்லாதபோது, வேகத்தையும் உயரத்தையும் குறித்திருந்தார். எட்டும் மூன்றும் வித்தியாசம் தெரியவில்லை, கிறுக்கல். அதே தாளில் அதற்குக் கீழே மத்தியானம் எழுதியது முத்து முத்தாக இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, தாளை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதற்குப்பின் பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு இன்றும் அந்தத் தாள்தான் பெரிது.

வாட்ச் மெக்கானிக் செய்வதும் இதே வேலைதான். ஹேர் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒரு சின்ன நெம்பை மயிரிழை நகர்த்துவார், ஒரு நாள் ஓடவிட்டுப் பார்ப்பார், மறுபடி நகர்த்துவார். அவருக்குத் துணி கிடையாது, டிக்டிக் சத்தம்தான். சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்று வாங்கும் வாட்ச் நாளைக்கு சராசரியாக 4 நொடிக்குமேல் பிந்தக் கூடாது, 6 நொடிக்குமேல் முந்தக் கூடாது. ஒரு நாளில் 86,400 நொடி என்பதை நினைத்துப் பாருங்கள். உயர்ந்த வகை வாட்சுகளில் டயலுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத தகட்டின் விளிம்பைக்கூடக் கையால் மெருகேற்றியிருப்பார்கள். உங்கள் பணம் அப்படிப்பட்ட கைகளுக்குப் போகிறது என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கைகள் செய்ததை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒன்பதில் ஒன்றையாவது மெக்கானிக் பிரிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், அரை நாள் போனாலும் பரவாயில்லை.

ஏழையும் லாக்கரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓடாமல் கிடந்தாலும் எண்ணெய்க்கு வயதாகும். பூட்டி வைக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துச் சாவி கொடுத்து ஓடவிடுங்கள்.

இனி உங்கள் பயணக் கதை. உங்கள் கூட்டத்தில் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. சாமுண்டி மலை தெரிந்தது, அரண்மனை தெரிந்தது என்று சொல்லியிருப்பீர்கள். அதைக் கேட்டால் டிக்கெட் விலையைத் தவிர வேறென்ன கேட்கத் தோன்றும்? ஆனால் எனக்கு எழுதும்போது, போகிற போக்கில், ஹெட்செட்டைக் கழற்றி அந்தச் சத்தத்தை நேராகக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதற்காகக் கழற்றினீர்கள்? எப்படி இருந்தது சத்தம்? நெஞ்சில் இடித்ததா, காதில் மட்டுமா? திரும்பும்போது பிளேடு சத்தம் மாறி, துணி துவைக்கிற கல்லில் அடிப்பதுபோல் தப்புத் தப்பென்று கேட்டிருக்குமே? அதைச் சொல்லுங்கள். அந்த ஆசையில் வாட்சில் காந்தம் ஏறியதையும், திசைகாட்டி முள் திரும்பியதையும் சொல்லுங்கள், மேஜைமேல் செய்தே காட்டுங்கள். துபாய்க்காரரும் தன் வாட்சைக் கழற்றி நீட்டுவார், என்னுடையதையும் பார் என்று.

ஹெலிகாப்டர் கதை என்றால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்று உண்டு. 1972 ஜூன் 21, பிரான்சில் ழான் பூலே என்ற பைலட் ஒரு லாமா ஹெலிகாப்டரை 12,442 மீட்டருக்குக் கொண்டுபோனார். எவரெஸ்டைவிட மூன்றரை கிலோமீட்டர் மேலே. அந்தக் குளிரில் என்ஜின் அணைந்துவிட்டது, மறுபடி பற்றவில்லை. அங்கிருந்து தரைவரை என்ஜின் இல்லாமல் இறக்கினார். முடியுமா என்று கேட்பார்கள். கப்பன் பார்க் பக்கம் மகோகனி மரத்தடியில் காய் வெடிக்கிற காலத்தில் போய் நில்லுங்கள். விதை ஒற்றை இறக்கையோடு சுழன்று சுழன்று இறங்கும். கீழிருந்து வருகிற காற்றே அதைச் சுழற்றும், அந்தச் சுழற்சியே அதைத் தாங்கும். என்ஜின் நின்ற ஹெலிகாப்டரும் அப்படித்தான் இறங்குகிறது. அதே லாமாதான் நம் ஊரில் சீட்டா என்ற பெயரில் பிறந்து சியாச்சினுக்குப் போனது. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஊருக்குள் வரும் வழியில், பழைய ஏர்போர்ட் ரோட்டில் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் அங்கே போய் ஹெலிகாப்டரின் ரோட்டர் தலையை அண்ணாந்து பாருங்கள்.

அப்பா கேட்டதற்கு வருகிறேன். மணி பார்க்க ஒன்று போதும் என்பது சரிதான், அதில் அவரோடு வாதாடாதீர்கள். வீட்டில் அவருடைய பழைய வாட்ச் கிடக்கிறதா என்று தேடுங்கள். அந்தத் தலைமுறையில் பெரும்பாலும் ஹெச்.எம்.டி.யாகத்தான் இருக்கும். 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து இதே பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை. நான் முதல் சம்பளத்தில் வாங்கியதும் அதுதான், கறுப்பு டயல் வைத்த ‘பைலட்’ என்ற மாடல், தேய்மானம் குறைக்க உள்ளே 17 கல், சாவி கொடுக்கிறது.

கிடைத்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. பார்க்க அழகாக இல்லையே என்று டயலை மாற்றிவிடாதீர்கள். என் பைலட்டைச் சுத்தம் பண்ண நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது டயல் பளபளவென்று கறுப்பாக இருந்தது. எழுத்துகள் தடித்து, நிமிடக் கோடுகள் கோணி, புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் கேட்கவே இல்லை. எத்தனையோ விடியற்காலைகளில் உற்றுப் பார்த்த முகம் அது, போய்விட்டது. வாட்ச் இன்றும் நன்றாக ஓடுகிறது, ஆனால் அதை எடுக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இப்படிப் பெயின்ட் அடித்தவை சந்தையில் எக்கச்சக்கம். எண்ணெய் மாற்றுங்கள், கண்ணாடி மாற்றுங்கள், வார் மாற்றுங்கள். டயலில் கை வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். மெஷினில் வேலை தொடங்குவதற்கு முன் நாங்கள் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுவோம். எங்காவது மாட்டினால் விரல் போய்விடும், கழன்று உள்ளே விழுந்தால் மெஷின் போய்விடும். அதனால் என் பைலட் வேலை நேரமெல்லாம் டிபன் டப்பாவுக்குள்தான் இருந்தது. சுரங்கத்தில் எப்படி? உங்கள் ஊரின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வேலை நடந்தது என்று படித்திருக்கிறேன். அந்தச் சூட்டுக்குள் அப்பா வாட்சைக் கட்டிக்கொண்டு இறங்கினாரா, மேலேயே கழற்றி வைத்துவிட்டா? ஷிஃப்ட் முடிந்ததைக் கீழே எப்படித் தெரிந்துகொண்டார்கள்? கேட்டு எனக்கு எழுதுங்கள். திசைகாட்டி முள் என்ன செய்தது என்பதையும்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து