ஈவ் ஆன்லைனில் சுரங்கக் கப்பல் தேர்வு: கேள்வி பதில்

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட விண்வெளி இணைய விளையாட்டான ஈவ் ஆன்லைனில், விண்பாறைகளில் தாது வெட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எல்லாக் கேள்விக்கும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வெட்டும்போது எவ்வளவு நேரம் திரையைப் பார்ப்பீர்கள், உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள்? நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் என்பதைப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

கேள்வி: வணக்கம் அக்கா. போன வாரம்தான் ஆரம்பித்தேன், இலவசக் கணக்கு. எந்தக் கப்பல் வாங்கலாம்?

வென்ச்சர். ஆல்ஃபா என்கிற இலவசக் கணக்கில் தாராளமாக ஓட்டலாம். தொடக்கப் பயிற்சியில் தொழில்துறை ஏஜென்ட் தரும் வேலைகளை முடித்தால் ஒன்று சும்மாவே கிடைக்கும். 2012 டிசம்பரில் இது வருவதற்கு முன்னால் புதியவர்கள் பேண்டம், நாவிடாஸ் போன்ற சின்ன ஃபிரிகேட்டுகளில்தான் வெட்டினார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் வென்ச்சரின் 5,000 கன மீட்டர் தாது ஹோல்டு (தாது சேரும் அறை) பெரிய வரம். தப்பிக்கும் திறனும் உண்டு. அதன் வார்ப் (தொலைதூரத்துக்குப் பாயும் ஓட்டம்) பலம் இரண்டு புள்ளி கூடுதல் என்பதால், வார்ப்பைத் தடுக்கும் சாதாரண டிஸ்ரப்டர் ஒன்றோ ஸ்கிராம்ப்ளர் ஒன்றோ தனியாக அதைப் பிடித்து நிறுத்த முடியாது. போனாலும் விலை குறைவு, மனம் தளராமல் அடுத்ததை எடுக்கலாம். பழகும்வரை இதை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: ஒமேகா (கட்டணக் கணக்கு) எடுத்துவிட்டேன். புரொகியூரர், ரிட்ரீவர், கோவெட்டர் என்ற மூன்று பார்ஜ்களில் (பெரிய சுரங்கக் கப்பல்களில்) எது? கோவெட்டர்தான் அதிகம் வெட்டுகிறது என்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே பக்கத்துத் திரையில் ஓட்டுவேன், தனியாள்.

அதிகம் வெட்டுவது கோவெட்டர்தான். ஆனால் அதன் ஹோல்டு சின்னது. ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒரு கப்பலின் ஹோல்டு 5 நிமிடத்தில் நிரம்புகிறது, நிலையத்துக்குப் போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப 3 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 37 நிமிடம் போலத்தான் தாது வெட்டும் லேசர் ஓடும். இன்னொரு கப்பல் 20 சதவீதம் குறைவாக வெட்டுகிறது, ஆனால் நிரம்ப 20 நிமிடம் ஆகிறது. அதில் 52 நிமிடம் லேசர் ஓடும். மணி முடிவில் இரண்டாவது கப்பல்தான் அதிகம் கொண்டுவந்திருக்கும். உங்களைப் போலப் பாதிக் கவனத்தோடு ஓட்டினால், ஹோல்டு நிரம்பியதைக் கவனிக்காமல் விடும் நேரமும் இதில் சேரும்.

அப்படியானால் ரிட்ரீவர் என்றுதான் தோன்றும், ஹோல்டு அதில்தான் பெரியது. ஆனால் அதன் உடம்பு மெல்லியது. தனியாள், கவனம் குறைவு, போக்குவரத்து அதிகமுள்ள சிஸ்டம் (நட்சத்திர மண்டலம்) என்று மூன்றும் சேர்ந்தால் என் பதில் புரொகியூரர். மூன்றில் அடி தாங்குவது அதுதான், வேட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டி மெல்லிய கப்பலைத்தான் தேடுவார்கள். ஆள் நடமாட்டமில்லாத ஒதுக்குப்புற சிஸ்டம் கிடைத்தால் ரிட்ரீவருக்கு மாறுங்கள்.

கேள்வி: பாதுகாப்பு 0.7 உள்ள இடத்திலேயே என் ரிட்ரீவரை உடைத்துவிட்டார்கள். போலீஸ் எதற்கு இருக்கிறது?

வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் விளையாட்டின் போலீசான கான்கார்ட் வருவது தண்டிக்க, காப்பாற்ற அல்ல. சுட்டவன் கப்பல் நிச்சயம் போகும், அதற்குள் உங்களுடையதும் போய்விடலாம். பாதுகாப்பு எண் கூடினால் கான்கார்ட் சீக்கிரம் வரும், 0.5இல் தாமதமாகும். வருகிறவர்கள் அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டு, விலை குறைந்த கேட்டலிஸ்ட் டிஸ்ட்ராயர்களில்தான் வருவார்கள். அவர்களுக்குத் தேவை அந்தச் சில விநாடிகளில் உங்கள் கப்பல் உடைவது. ஹல்கெடன் என்று பெயர் வைத்துப் பரிசோடு சுரங்கக் கப்பல் வேட்டையே நடத்தியிருக்கிறார்கள்.

ஆகவே அந்தக் கணக்கு அவர்களுக்குக் கட்டுப்படியாகாமல் செய்யுங்கள். கருவி பொருத்தும் கீழ் ஸ்லாட் எல்லாவற்றிலும், வெட்டும் அளவைக் கூட்டும் மைனிங் அப்கிரேடு போடுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றில் அடி தாங்க உதவும் டேமேஜ் கன்ட்ரோல் போடுங்கள். நடு ஸ்லாட்டை ஒருபோதும் காலியாக விடாதீர்கள், ஷீல்டு எக்ஸ்டெண்டரும் ஹார்டனரும் அங்கேதான் போகும். டைரக்‌ஷனல் ஸ்கேனரை அழுத்திக்கொண்டே இருங்கள், 14.3 ஏயு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒரு ஏயு) தூரம்வரை உள்ள கப்பல்களைக் காட்டும். அதில் கேட்டலிஸ்ட் கூட்டமாகத் தெரிந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள். நிலையம் பக்கம் திருப்பி, முழு வேகத்தில் முக்கால் பங்கிலாவது நகர்ந்துகொண்டிருந்தால் வார்ப் கொடுத்த உடனே பறக்கலாம். பாறையை விட்டு விலகிப் போவீர்கள்தான், ஆபத்தான இடத்தில் அதற்கு ஈடாக உயிர் கிடைக்கிறது.

கேள்வி: அக்கா, ஹல்க் வரைக்கும் ஸ்கில் ஏற்றப் போகிறேன். சரிதானே?

கோவெட்டரின் டெக் 2, அதாவது மேம்பட்ட, வடிவம்தான் ஹல்க். கூட ஓர்க்கா (குழுவுக்குத் துணை நிற்கும் பெரிய கப்பல்) இருக்கிறதா? இருந்தால் சரி. ஓர்க்கா தரும் பூஸ்டில் லேசரின் சுற்று வேகமாகும், எட்டும் தூரம் கூடும். வெட்டிய தாதுவை அதன் ஹேங்கரில் கொட்டிவிடலாம், அங்கேயே கம்ப்ரெஸ் செய்யலாம். ஹல்க்கின் சின்ன ஹோல்டு அப்போது குறையாகவே தெரியாது. ஓர்க்கா கட்டுப்படியாகவில்லை என்றால் குழுவில் ஒருவர் அதன் சிறிய வடிவமான போர்பஸ் ஓட்டினாலும் போதும்.

தனியாளுக்கு நான் ஹல்க்கைச் சொல்லவே மாட்டேன். அது அடி தாங்காது. டெக் 2 கப்பல் என்பதால் இன்சூரன்ஸ் தொகையும் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பார்ஜ் போனால் இன்சூரன்ஸ் பெரும்பகுதியைத் திருப்பித் தரும், எக்ஸ்யூமர் (ஹல்க் போன்ற டெக் 2 சுரங்கக் கப்பல்) போனால் பல நாள் உழைப்பு போகும். எக்ஸ்யூமர்தான் வேண்டும் என்றால் ஸ்கிஃப் எடுங்கள், புரொகியூரரின் அண்ணன் அது.

கேள்வி: ஐஸ் வெட்ட வென்ச்சர் போதுமா?

போதாது. பார்ஜுக்குப் போங்கள். ஒரு கட்டியே 1,000 கன மீட்டர் என்பதால் ஐஸுக்கு ஹோல்டு முக்கியம், இங்கே ரிட்ரீவர் நன்றாக உழைக்கும். எதிரி நடமாட்டமுள்ள இடத்தில் ஒளிந்து வெட்ட எண்டூரன்ஸ் என்ற கப்பலை எடுங்கள்.

கேள்வி: வார்ம்ஹோலில் வாயு எடுத்தால் நல்ல காசு என்கிறார்களே அண்ணே... மன்னிக்கவும், அக்கா.

காசு உண்டு. வார்ம்ஹோல் என்பது புழுத்துளை வழியே போகும் ஒதுங்கிய விண்வெளி. வென்ச்சரே போதும், பழகியபின் பிராஸ்பெக்ட் வாங்குங்கள், அது மறைந்தபடியே வார்ப் செய்யும். அங்கே லோக்கல் (அந்த சிஸ்டத்தில் இருப்பவர்கள்) பட்டியலில் யாரும் பேசாதவரை பெயர் தெரியாது, எனவே ஸ்கேனர்தான் கண். ஸ்லீப்பர் என்னும் கணினி எதிரிகளும் சற்று நேரத்தில் வந்துவிடுவார்கள், வந்ததும் வெளியேறுங்கள். திரும்பும் வழியை உள்ளே நுழைந்த உடனேயே புக்மார்க் செய்துவிடுங்கள். கிடைத்ததை அடிக்கடி வெளியே கொண்டுபோங்கள், ஹோல்டு நிரம்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: இரவு 10 மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது. பெல்ட்டில் (விண்பாறைக் கூட்டத்தில்) பாறையே மிச்சமில்லை. பெரிய கப்பல் வாங்கினால் சரியாகுமா?

கப்பலை மாற்றினால் தீராது, சிஸ்டத்தை மாற்றுங்கள். தினமும் ஈவ் நேரம் 11:00க்கு, அதாவது நமக்கு மாலை 4:30க்கு, சர்வர் நின்று வரும்போதுதான் பெல்ட்டுகள் வளரும். ஜிதா போன்ற சந்தை ஊர்களுக்குப் பக்கத்தில் நீங்கள் வரும்முன் வெட்டித் தீர்த்திருப்பார்கள். பல தாவல் (ஒரு சிஸ்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போவது) தள்ளி, முட்டுச்சந்து போன்ற சிஸ்டமாகப் பாருங்கள். வரைபடத்தில் கடந்த ஒரு மணி நேரத் தாவல் எண்ணிக்கையைப் போட்டால் எங்கே கூட்டமில்லை என்று தெரியும். தாதுவைச் சந்தைக்கு வாரம் ஒருமுறை மொத்தமாகக் கொண்டுபோனால் போதும். அல்லது நிலவில் தாது எடுக்கும் கார்ப்பரேஷன் (ஆட்டக்காரர்களின் குழு) ஒன்றில் சேருங்கள். அவர்களின் அத்தனோர் (நிலவுத் தாது எடுக்கும் நிலையம்) எப்போது நிலவுப் பாறையை உடைக்கும் என்று நேரம் குறித்திருப்பார்கள், அந்த வயல் சர்வர் நின்று வருவதற்காகக் காத்திருப்பதில்லை.