ஒரு ‘ச்’ கூடிப்போனால்...

கேள்வி: எந்த வேலையை எடுத்தாலும் குறையே இல்லாமல் முடிக்க முயற்ச்சி செய்கிறேன். அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலை எட்டு முறை திருத்திவிட்டு, அப்புறம் அனுப்பாமலேயே விட்டுவிடுகிறேன். மகன் மடித்து வைத்த துணியைப் பிரித்து, நானே மறுபடி மடிக்கிறேன். இப்போதெல்லாம் அவன் எந்த உதவிக்கும் வருவதில்லை. எதையும் ஒழுங்காகச் செய்ய நினைப்பது அவ்வளவு பெரிய குற்றமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: குற்றமே இல்லை. ஆனால் நீங்கள் செய்வது அது இல்லையே! ஒழுங்காகச் செய்கிறவரின் மின்னஞ்சல் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். முதல் இரண்டு தடவையிலேயே உங்கள் பிழைகள் போயிருக்கும். மீதி ஆறு தடவையும், படிக்கிறவர் நம்மை என்ன நினைப்பாரோ என்ற பயத்துக்குச் செய்த வேலை. அனுப்பாத மின்னஞ்சலில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. அந்த வசதிக்காகத்தான் அது அங்கேயே கிடக்கிறது.

டொனால்ட் நூத் என்றொரு கணினி அறிஞர். உங்களைவிடப் பிடிவாதக்காரர். 1977இல் தன் புத்தகத்தின் அச்சுப்படி பார்க்கச் சகிக்கவில்லை என்று, அச்சுக்கோக்கும் மென்பொருளையே சொந்தமாக எழுத உட்கார்ந்துவிட்டார். அப்படிப்பட்டவரே தன் புத்தகங்களில் பிழையை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார். (ஏன் 256 சென்ட்? கணினிக்காரர்கள் பயன்படுத்தும், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் அதை 100 என்று எழுதுவார்கள். குறும்பு!) பிழை இருக்கும் என்று தெரிந்தே புத்தகத்தை வெளியே விட்டார். வாங்கியவர்களில் பலர் காசோலையை வங்கியில் போடாமல் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் இப்படிப் பேசலாமா என்பீர்கள். 1935இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பறக்கவிட்டுச் சோதித்த போயிங் விமானம் ஒன்று, மேலே எழும்பியதுமே விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. விமானம் தரையில் நிற்கும்போது அதைத் திருப்பும் அசையும் பலகைகள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார், அவ்வளவுதான். மறக்காத விமானியைத் தேடி யாரும் போகவில்லை. மனிதன் மறப்பான் என்று ஒத்துக்கொண்டு, புறப்படும் முன் பார்க்க வேண்டியதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். இன்று நாம் பத்திரமாகப் பறப்பதில் அந்த அட்டைக்கும் பங்கு உண்டு.

எனக்கு உங்கள் மின்னஞ்சலைவிடத் துணிதான் கவலை. பையன் மடித்ததில் என்ன குறை இருந்திருக்கும்? ஓரத்தோடு ஓரம் சேர்ந்திருக்காது, சட்டைக் கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போட்டுக்கொண்டால் இரண்டும் தெரியப்போவதில்லை. நீங்கள் பிரித்ததை அவன் பார்த்திருப்பான். ஒரு வார்த்தைகூட நீங்கள் திட்டியிருக்க மாட்டீர்கள். திட்டியிருந்தால்கூட பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பான். ‘குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை’ என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சுற்றம் என்றால் ஏதோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அடுத்த முறை அவன் மடித்ததை அப்படியே அலமாரியில் வையுங்கள். கை பரபரக்கும். பரபரக்கட்டும்.

அப்புறம், உங்களிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. மூன்று நாள் கழித்து வந்த இரண்டாவதன் தலையில், ‘முதல் கடிதத்தைக் கிழித்துப் போடவும்’ என்று இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் ஒரே ஒரு இடம்தான்: ‘முயற்ச்சி’, ‘முயற்சி’ ஆகியிருந்தது. சரிதான், ‘ற்’ வந்தால் பின்னால் இன்னொரு மெய் வராது. எங்கள் பிழை திருத்துபவரும் அதைச் சிவப்பு மையில் சுழித்துத்தான் கொடுத்தார். நான்தான் அப்படியே விடச் சொன்னேன். மேலே அச்சாகியிருப்பது உங்கள் முதல் கடிதம். நீங்கள் கேட்க வந்தது அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.