தாவோஸுக்கு ஒரு நாள் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பயணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அங்கிருக்கும் தாவோஸ் ஊருக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியரான என் அப்பா தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார். நவம்பர் வரை எங்களோடு ஹூஸ்டனில் இருப்பார். வயது 70, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாநிலத் தலைநகர் சாண்டா ஃபேயில் தங்கி, ஒரே நாளில் தாவோஸ் போய்த் திரும்பலாம் என்று நினைக்கிறோம். போதுமா? உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

வாசகி, ஹூஸ்டன்

அன்புள்ள வாசகிக்கு,

ஒரு நாள் போதாது. அதுவும் அப்பா ஓவியர் என்றால் தாவோஸில் இரண்டு இரவாவது தங்குங்கள். முதல் தடவை நானும் ஒரே நாளில் போய்த் திரும்பினேன். தலைவலியோடு காரில் உட்கார்ந்திருந்ததுதான் நினைவில் இருக்கிறது.

உயரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாவோஸ் ஏறத்தாழ 7,000 அடி, கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். ஆனால் ஊட்டியின் ஈரம் அங்கே துளியும் கிடையாது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. நீங்கள் இருப்பதோ கடல் மட்டத்தில். அதனால் ஆல்புகெர்க்கி நகரில் இறங்கியதும் அங்கேயே ஓரிரு இரவு தங்கி, அப்புறம் மேலே போங்கள். முதல் நாள் நடையைக் குறைத்து, தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை போவது நல்லது. மலையில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். பகலில் வெயில் இதமாக இருந்தாலும் இரவில் நடுக்கும், அப்பாவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

சாண்டா ஃபேயிலிருந்து இரண்டு வழிகள். சிமாயோ, ட்ருச்சாஸ் என்று மலைக் கிராமங்கள் வழியாகப் போவது ‘ஹை ரோடு’. ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிப் போவது ‘லோ ரோடு’. போகும்போது லோ ரோட்டிலேயே போங்கள். வெகு நேரம் பள்ளத்தாக்குக்குள்ளேயே போய்க்கொண்டிருந்த கார் ஒரு வளைவில் மேலேறும். சட்டென்று எதிரே பெரிய சமவெளி. அதன் நடுவே, காய்ந்த ஏரியில் மண் வெடித்ததுபோலக் கறுப்பாக ஒரு பிளவு ஓடும். அந்தப் பிளவுக்குள்தான் ஆறு. வண்டியை ஓரம்கட்ட அங்கே இடம் இருக்கிறது, நிறுத்தி அப்பாவை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது ஹை ரோடு, ஆனால் இருட்டுவதற்குள். இரவில் மான்கள் குறுக்கே வரும், போன் சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது.

ஊரைவிட முக்கியமானது, ஊருக்குச் சற்று வடக்கே இருக்கும் தாவோஸ் புவேப்லோ என்ற அமெரிக்கப் பழங்குடிக் கிராமம். சுடாத செங்கல்லை அடுக்கி, மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசிய அடுக்கு வீடுகள். 1992-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய கோட்டை, அருங்காட்சியகம் என்ற நினைப்பில் பலர் உள்ளே போகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். அங்கே இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. சுவருக்குள்ளே மின்சாரமும் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. நடுவே ஓடும் ஓடைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அதில் காலை நனைக்கக் கூடாது. அந்த ஓடை மேலே இருக்கும் நீல ஏரியிலிருந்து வருகிறது. அது அவர்களுக்குப் புனிதமான ஏரி. 1906-இல் அமெரிக்க அரசு அதை வனத்துறை நிலமாக்கிக்கொண்டது. 64 வருடம் போராடி, 1970-இல் சுற்றியுள்ள 48,000 ஏக்கர் நிலத்தோடு திரும்ப வாங்கினார்கள். வெளியார் அங்கே போக முடியாது.

ஆகவே ஒருவர் வீட்டு வாசலில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி இருந்தால் போதும். ஆட்களைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். தேவாலயத்துக்குள் படமே எடுக்கக் கூடாது. அப்பா ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பும் நுழைவாயிலில் கேட்டுவிடுங்கள். ஓரத்தில் ஒரு இடிந்த மணிக்கூண்டும் கல்லறைகளும் இருக்கும். 1847-இல் அமெரிக்க ஆட்சிக்கு எதிராக நடந்த கிளர்ச்சியின்போது, தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்களோடு அமெரிக்கப் படை அதைத் தகர்த்தது. கல்லறைச் சுற்றுச்சுவருக்கு வெளியிலேயே நின்றுகொள்ளுங்கள். செப்டம்பர் 30 புனித ஜெரோம் திருவிழா. அன்று போனால் கேமரா, போன் இரண்டையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சடங்கு, மரணம் என்றால் ஊரை மூடிவிடுவார்கள், குளிர்காலக் கடைசியில் பல வாரங்கள் மூடியே இருக்கும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சில வீடுகளின் கீழ்த்தளத்தில் கடை இருக்கும். அங்கே ஒரு மண்பானை வாங்குங்கள். களிமண்ணிலேயே காக்காப்பொன் கலந்திருப்பதால் பானை முழுக்க மினுமினுக்கும், வெயிலில் திருப்பினால் செம்புபோல இருக்கும். நேரடியாக அடுப்பில் வைத்துச் சமைக்கலாம். எங்கள் வீட்டில் அதில்தான் பருப்பு வேகிறது. செய்தவரே விற்கிறார், பேரம் பேசாதீர்கள். ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் ஒரே எச்சரிக்கை. அங்கே எல்லாவற்றின் மேலும் மிளகாய்க் குழம்பு ஊற்றுவார்கள். சிவப்பா பச்சையா என்று கேட்பார்கள், இரண்டும் வேண்டும் என்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொல்ல வேண்டும். அந்தக் குழம்பில் பல இடங்களில் பன்றி இறைச்சி இருக்கும். பீன்ஸையும் பன்றிக் கொழுப்பில் சமைப்பதுண்டு. ‘மாந்தேகா’ இருக்கிறதா என்று கேளுங்கள், கொழுப்புக்கு அங்கே அதுதான் பெயர்.

ஊருக்குள் ஹார்வுட் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின் கடைசிக் காலத்தில் தாவோஸில் வாழ்ந்து 2004-இல் அங்கேயே இறந்தவர். அவர் கொடுத்த ஏழு ஓவியங்கள் எண்கோண அறை ஒன்றில் இருக்கின்றன. வெளிறிய நீலமும் வெள்ளையுமாகப் பட்டைகள், வேறொன்றும் இல்லை. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது. அப்பாவை அவசரப்படுத்தாமல் உட்காரவிடுங்கள்.

மாலையில் பக்கத்து ஊரான ராஞ்சோஸ் தே தாவோஸுக்குப் போங்கள். அங்கிருக்கும் புனித பிரான்சிஸ் தேவாலயத்தின் பின்சுவரைத்தான் ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் வரைந்தார், புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் படம் எடுத்தார். ஜன்னலே இல்லாத, யானை முதுகுபோன்ற மண்சுவர். வருடா வருடம் ஊர்க்காரர்களே கூடி மண் குழைத்துப் பூசுகிறார்கள். கைபட்ட மேடுபள்ளங்கள் வெயில் சாயும்போது ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்தச் சுவர் மேற்கே பார்த்தது, அதனால் நாலு மணிக்கு மேல்தான் போக வேண்டும். காரில் ஒரு மடக்கு நாற்காலியும் சால்வையும் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா வரைந்து முடிக்க இருட்டிவிடும்.