கோபத்தில் மூன்று முறை சொன்ன தலாக்

கேள்வி: என் தங்கச்சியின் கணவர், கடலுக்குப் போவதற்கு முந்திய இரவு மூண்ட வாய்த்தகராறில், "உன்னைத் தலாக் சொல்லிட்டன்" என்று அடுத்தடுத்து மூன்று தடவை சொல்லிவிட்டு, "உம்மாட ஊட்ட போ" (உன் தாய் வீட்டுக்குப் போ) என்றும் கத்தினார். இப்போது ஆத்திரத்தில் வந்த பேச்சென்று அழுகிறார். அயலவர்கள் நிக்காஹ் முறிந்துவிட்டது என்கிறார்கள். இதன் சட்டம் என்ன?
- ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: அவர் சொன்ன இரண்டும் ஒரே வகைச் சொற்கள் அல்ல. முதலாவது வெளிப்படையான சொல், அதாவது ஸரீஹ். நம்மவரில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் (சட்ட வழியில்), அதைச் சுயநினைவோடு சொன்னவர் "நிய்யத் (எண்ணம்) இருக்கவில்லை" என்று பின்னர் கூறுவதால் தலாக் இல்லாமற் போகாது. புத்தி முற்றாக மறைந்த கோபத்தின் சட்டம் வேறு. ஆனால் சொன்னதை வரி பிசகாமல் நினைவில் வைத்திருப்பவர் அதைக் காரணம் காட்டுவது கடினம். இரண்டாவது மறைமுகமான சொல், கினாயா. நிய்யத் இருந்தாலே அது தலாக் ஆகும். தபூக் போருக்குச் செல்லாது பின்தங்கிய நபித்தோழர் கஅப் பின் மாலிக் (ரழி) அவர்கள் தம் மனைவியிடம் "உன் குடும்பத்தாரிடம் போ" என்றது தலாக்காகக் கொள்ளப்படவில்லை.

சிக்கல் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. முதற் சொல்லை வலியுறுத்தும் எண்ணத்தோடே அவர் திரும்பச் சொல்லியிருந்தால் ஒரு தலாக். ஒவ்வொன்றையும் தனித் தலாக்காக எண்ணியிருந்தாலோ எதையும் எண்ணாமல் சொல்லியிருந்தாலோ மூன்று. ஒரே அமர்வில் சொன்ன மூன்றையும் ஒன்றாகக் கணக்கிட்ட அறிஞர் இப்னு தைமிய்யாவின் கருத்தும் உண்டு. நான்கு மத்ஹபுகளின் பெருவழக்கு அதுவன்று. ஆகவே அவர் தம் எண்ணத்தை மறைக்காமல், அறிந்த ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) நேரில் சொல்ல வேண்டும். தமக்கு வசதியான பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கிடைக்கும் வரை பள்ளிவாசல் பள்ளிவாசலாக அலைவதை நான் ஒப்ப மாட்டேன்.

இலங்கையின் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், காதியாருக்கு (முஸ்லிம் விவாகரத்து நீதிபதிக்கு) அறிவித்தல், சமரச முயற்சி, சாட்சிகள் முன் தலாக் கூறல் என்ற ஒழுங்கை விதிக்கிறது. அது நடவாததால் பதிவேட்டில் அவர்கள் இன்னும் தம்பதியரே. ஆனால் அதனால் மார்க்கத் தீர்ப்பு மாறுவதில்லை.

தீர்ப்புக் கிடைக்கும் வரை இருவரும் விலகியிருக்கட்டும். முன்னர் தலாக் எதுவும் நிகழாமல், இதுவும் ஒன்றே என்று முடிவானால், இத்தாவுக்குள் (தலாக்குக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலத்துக்குள்) "உன்னை மீட்டுக்கொண்டேன்" என்று அவர் வாயால் சொல்வது போதும். இரு சாட்சிகளை வைத்துக்கொள்வது நல்லது. இத்தா, ஆலிமைச் சந்தித்த நாளிலிருந்து அல்ல, அந்த இரவிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. அது கடந்துவிட்டால் புதிய மஹரும் (மணக்கொடையும்) புதிய நிக்காஹும் தேவைப்படும்.