பிளேடின் முன் விரல்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறிய மரப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கையில் பிடித்து அறுக்கும் சர்க்குலர் சாவை (வட்ட பிளேடு சுழலும் மின் ரம்பத்தை) பலகை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, அதையே டேபிள் சாவாக (பிளேடு மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டு சுழலும் ரம்பமாக) பயன்படுத்துகிறோம். சென்ற மாதம் என்னிடம் வேலை பார்க்கும் தம்பிக்கு இடது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. விரல் பட்டவுடன் தானே நின்றுவிடும் ரம்பம் அமெரிக்காவில் இருக்கிறதாமே, உண்மையா? அதை வாங்குவதுதான் ஒரே வழியா?
– ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: உண்மைதான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவ் காஸ், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற காப்புரிமை வழக்கறிஞர். ஓய்வு நேரத்தில் தச்சு வேலையும் செய்பவர். அவர் 1999-இல் உருவாக்கிய அமைப்புதான் பின்னர் சாஸ்டாப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதில் பிளேடின் மீது மிகச் சிறிய மின் சமிக்ஞை ஒன்று எப்போதும் இருக்கும். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது, மனித உடல் கடத்தும் என்பதால், விரல் பட்டதும் அந்தச் சமிக்ஞை சட்டென்று குறைகிறது. உடனே ஒரு மெல்லிய கம்பி எரிந்து அறுபட, அது அடக்கி வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு, ஓர் அலுமினியக் கட்டியைச் சுழலும் பற்களுக்குள் தள்ளுகிறது. 5 மில்லி செகண்டுக்குள் பிளேடு நின்று, சுழன்ற வேகத்தின் உந்துதலிலேயே மேசைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பிறகு கழற்றிப் பார்த்தால், பற்கள் அலுமினியத்தைக் கிழித்து உள்ளே புதைந்து, பிளேடும் கட்டியும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். விரலில் பெரும்பாலும் ஒரு கீறல்தான் மிஞ்சும். காஸ் தம் சொந்த விரலை வைத்தே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

இத்தனை வேகம் எதற்கு என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 4000 சுற்று சுழலும் 10 அங்குல பிளேடின் பல் நுனி, மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க நமக்கு ஏறத்தாழ 200 மில்லி செகண்டு வேண்டும்; அதற்குள் 40 பல் பிளேடில் 500-க்கும் மேற்பட்ட பற்கள் விரலைக் கடந்துவிடும். ஆகவே, “எனக்கு முப்பது வருட அனுபவம், கை தானாக விலகிவிடும்” என்று மூத்த ஆசாரிகள் சொல்லும்போது, மரியாதையோடு நான் அதை மறுக்கிறேன். கையை எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதை அனுபவம் கற்றுத்தரும். பட்ட பிறகு அதற்கு வேலையில்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில், 2015-ஆம் ஆண்டில் மட்டும் டேபிள் சா பிளேடில் பட்டு ஏற்பட்ட காயங்கள் சுமார் 30,800. அவற்றுள் ஏறத்தாழ 4,700 உறுப்புத் துண்டிப்புகள்.

இந்த அமைப்புக்கும் எல்லைகள் உண்டு. ஒருமுறை செயல்பட்டால் அலுமினியக் கட்டியுள்ள பெட்டியை மாற்றியாக வேண்டும். பிளேடும் பெரும்பாலும் வீண். ஈரமான மரமோ உலோகமோ பட்டாலும் அது விரல் என்றே எண்ணி நின்றுவிடக்கூடும். காப்புரிமைச் சிக்கலால் பிற நிறுவனங்களிடம் இது பரவவும் இல்லை. பாஷ் நிறுவனம் 2015-இல் அறிவித்த இதேபோன்ற ரம்பம், காப்புரிமை வழக்கால் அமெரிக்கச் சந்தையில் நிலைக்கவில்லை.

இதை வாங்குவதுதான் ஒரே வழியா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. வசதி இருந்தால் வாங்குங்கள். ஆனால் அதுவரை இப்போதைய மேசையில் ஒரு பலகையைக்கூட அறுக்க விடாதீர்கள். சர்க்குலர் சாவைத் தலைகீழாகப் பொருத்தும்போது அதன் கீழ் மூடியைத் திறந்தபடி கட்டிவைக்கிறோம். சுவிட்சை டேப் சுற்றி அழுத்தி வைக்கிறோம். தம்பியின் கை மாட்டிய நொடியில், மேசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சை அவர் எப்படி எட்டியிருக்க முடியும்? முறையான டேபிள் சாவில் முன்பக்கம், தொடையாலேயே தட்டி நிறுத்தும்படி ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் இருக்கும்.

அதைவிட முக்கியமானது ரைவிங் நைஃப். பிளேடுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் வளைந்த தகடு அது. முழுவதும் காயாத மரத்தையோ, உள்ளே இறுக்கம் உள்ள மரத்தையோ அறுக்கும்போது, அறுத்த பிளவு பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுந்து நம்மை நோக்கி வருபவை. அவை பலகையைத் தூக்கி நம் மீதே எறியும். அதுவரை பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை, தாங்கல் போனதும் பிளேடின் மேலேயே விழுகிறது. பிளவு மூடாமல் இந்தத் தகடு தடுக்கிறது. அதன் தடிமன் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், அறுக்கும் பிளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இடைஞ்சல் என்று இதைக் கழற்றி மூலையில் போடும் பழக்கம்தான் எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

அடுத்தது, கைக்குப் பதிலாகப் பலகையைத் தள்ளும் தள்ளுகோல். அதை உங்கள் பட்டறையில் விழும் பிளைவுட் துண்டிலேயே செய்துகொள்ளலாம். அடிப்பக்கம் பலகையின் மேல் நீளமாகப் படிய வேண்டும்; பின்முனையில் மட்டும் சிறிய குதிகால் போன்ற படி இருந்து, அது பலகையின் விளிம்பைப் பிடித்துத் தள்ள வேண்டும். ரீப்பர் (ஒல்லியான மரச் சட்டம்) அறுக்கும்போது கை பிளேடுக்கு அரை அடிக்குள் போகும் நிலை வந்தால், கையை எடுத்துவிட்டுக் கோலைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தடிமனான கையுறை அணிந்தால் போதாதா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: வேண்டாம் அம்மா. பிளேடின் பல்லில் கையுறையின் நூல் சிக்கினால், வெறும் விரலைக் கிழித்திருக்கும் பிளேடு முழுக் கையையும் உள்ளே இழுக்கும். தொங்கும் சட்டைக் கையும் துண்டும் அப்படியே.

கேள்வி: விரல் துண்டாகிவிட்டால் முதலில் என்ன செய்வது?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: மின்சாரத்தை நிறுத்துங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து, பொருத்த முடியாமல் போகும். மஞ்சளோ காப்பித்தூளோ காயத்தில் வைக்கக் கூடாது. நுண் அறுவைச் சிகிச்சையில் விரலைப் பொருத்தும் வசதி உள்ள மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டி வையுங்கள். காயம் எத்தனை மணிக்குப் பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி, பையோடு கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.