குழந்தை அலறுகிறது, ஆயா முறைக்கிறார்: மாஸ்க்கைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: சேலம் குகையில் இருக்கிறேன், வயது 26. ஒரு லேப்புக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறேன். சில நாள் ஏற்காட்டுக்கும் போவேன். மாஸ்க்கோடு போனால் சின்னக் குழந்தைகள் அலறுகின்றன. பெரியவர்கள் சிலர் "திமிர் பிடித்த பெண், வேறு ஆளை அனுப்புங்கள்" என்று லேப்புக்கே போன் செய்துவிட்டார்கள். என் வயதுக்காரர்களிடம் மட்டும் பிரச்சினையே இல்லை. மேலாளர் பர்சனாலிட்டி வகுப்பில் சேரச் சொல்கிறார். ஒருவர் வாய் தெரிகிற பிளாஸ்டிக் மாஸ்க்கை 350 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். இல்லை, மாஸ்க்கையே கழற்றிவிடட்டுமா?

உளவியல் ஆலோசகரின் பதில்: வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டீர்களா? இல்லையென்றால் கட்டாதீர்கள். கண்ணால் சிரிப்பது எப்படி, கண்ணைப் பார்த்தே ஆளை எடைபோடுவது எப்படி என்று இரண்டு நாள் பாடம் நடத்தி, மதியம் பிரியாணி போட்டு, கையில் ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்து அனுப்புவார்கள். உங்கள் பிரச்சினை அந்தச் சர்டிபிகேட்டில் தீராது. அதில் மேலாளருக்குக் கமிஷன் உண்டா என்று நான் கேட்கமாட்டேன், நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். புது ஆளைப் பார்த்ததும் நம்பலாமா வேண்டாமா என்று மனம் முடிவுகட்ட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ், டோடொரோவ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கூடுதல் நேரம் கொடுத்தால் முடிவு பெரிதாக மாறவில்லை, "நான் நினைத்தது சரிதான்" என்ற உறுதிதான் கூடியது. மாஸ்க் இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. 2020-இல் ஜெர்மனியில் கார்பன் என்ற ஆய்வாளர் மாஸ்க் போட்ட முகங்களைக் காட்டியபோது, சிரித்த முகத்தையும் சோகமான முகத்தையும் பலர் உணர்ச்சியே இல்லாத முகம் என்றார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டேதான் கதவைத் தட்டியிருப்பீர்கள். உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தது உம்மென்ற முகம்.

உங்கள் வயதுக்காரர்கள் மறைந்த பாதியைத் தாங்களாகவே நல்லவிதமாக நிரப்பிக்கொள்கிறார்கள். அவர்களை விட்டுவிடலாம்.

குழந்தைகள் கதை வேறு. இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வில், மாஸ்க் போட்ட முகத்தின் உணர்ச்சியைப் படிக்க அதிகம் தடுமாறியவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாஸ்க் போட்ட ஆளை அடையாளம் வைத்துக்கொள்வது பெரியவர்களைவிடக் கஷ்டம். ஆகவே போன மாதம் சமாதானமாகி ஊசி போட்டுக்கொண்ட அதே பிள்ளைக்கு இந்த மாதம் நீங்கள் மறுபடியும் புது ஆள். செய்ய வேண்டியது ஒன்றுதான். கேட்டுக்கு வெளியே, ஆறடி தள்ளி, மாஸ்க் இல்லாமல் நில்லுங்கள். "அக்கா வந்திருக்கேன், பாரு" என்று சொல்லிவிட்டு, குழந்தை பார்க்கப் பார்க்க மாஸ்க்கை மாட்டுங்கள். பையைத் திறப்பது அப்புறம். ஊசி எடுக்கும் தூரத்துக்குப் போன பிறகு மாஸ்க்கைக் கழற்றவே கூடாது, தாய் கெஞ்சினாலும்.

பெரியவர்கள் விஷயத்தில் நீங்கள் முகத்தை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கென்னவோ கோளாறு காதில் என்றுதான் படுகிறது. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் குரலை 3, 4 டெசிபல் குறைக்கும், என்95 கிட்டத்தட்ட 12 வரை குறைக்கும். அதுவும் ச, ஸ மாதிரி மெல்லிய ஒலிகளைத்தான் முதலில் விழுங்கும். வயதானால் காது முதலில் இழப்பதும் அவற்றைத்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டே குனிந்தபடி "சாப்பிட்டீங்களா?" என்கிறீர்கள். ஆயாவுக்கு ஏதோ முனகல்தான் கேட்கிறது. பதில் வராததால் நீங்கள் குரலை உயர்த்துகிறீர்கள், அவருக்கு அது அதட்டல். அதுதான் திமிர். நேராக முகம் பார்த்து, மெதுவாக, கனத்த குரலில் பேசுங்கள். கத்தாதீர்கள்.

சுத்தமாகக் காது கேட்காமல் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு வாய் தெரியும் மாஸ்க் நிஜமாகவே உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக், துணி மாஸ்க்கைவிட அதிகமாகக் குரலை மறைக்கும். பாதி கேட்கும் ஆளுக்கு அதனால் நஷ்டம்தான். ஏற்காட்டுப் பனியில் விடிகாலையில் மூச்சு பட்டதும் மங்கிப்போகும், அப்புறம் உதடும் தெரியாது, குரலும் கேட்காது. அப்படிப்பட்டவர் வீட்டில் ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி தள்ளி நின்று, மாஸ்க் இல்லாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடியுங்கள். பெயர், சாப்பிட்டாரா, என்ன மாத்திரை என்பதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக் காட்டுங்கள். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் வேலையைப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு அந்த மாஸ்க் வேண்டும் என்றால், பெட்டியில் சர்ஜிக்கல் மாஸ்க்குக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 16289 இருக்கிறதா என்று பாருங்கள். "இம்போர்ட்டட் குவாலிட்டி" என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று, எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு சாம்பிளுக்கு இவ்வளவு என்று கூலி வைத்து, வெறும் வயிற்று ரத்தம் அத்தனையையும் காலை ஒன்பதுக்குள் முடி என்று விரட்டினால் எந்த மனுஷி நின்று முகம் காட்டிப் பேசுவாள்? 2020-இல் மாஸ்க் போடாதவருக்கு 200 ரூபாய் அபராதம் போட அரசுக்குத் தெரிந்தது. போட்டுக்கொண்டு ஒரு கிழவரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக, உங்கள் அடையாள அட்டை. அதில் படம் தபால்தலை அளவில்தான் இருக்கும். எபோலா என்ற கொடிய தொற்று பரவியபோது மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் மேரி பெத் ஹெஃபர்னன் என்ற கலைஞர், முழுப் பாதுகாப்பு உடுப்புக்குள் மறைந்திருந்த மருத்துவப் பணியாளர்களின் சிரித்த முகத்தைப் படமெடுத்து நெஞ்சில் ஒட்டிவிட்டார். வகுப்புக்குக் கட்டச் சொல்லும் பணத்தில் அப்படி ஓர் அட்டை அடித்துத் தரச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள். தரமாட்டார். செவ்வாய்ப்பேட்டையில் ஏதாவது ஒரு ஸ்டுடியோவில் போஸ்ட்கார்டு அளவில் சிரித்த படம் ஒன்று எடுத்து, லேமினேட் செய்து, கீழே பெயரைத் தமிழில் பெரிதாகப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.