ஆயுதங்களை யார் எண்ணுவது?

கேள்வி: அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகக் கைகழுவி விட்டன. இந்த நேரத்தில் ‘மீண்டும் உலக நாடுகள் கூடிப் பேச வேண்டும்’ என்று எழுதுவது வீண் பேச்சுதானே? எந்த நாடாவது தன் அணுகுண்டைக் கீழே வைத்திருக்கிறதா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா தானே செய்து முடித்த ஆறு குண்டுகளையும் பிரித்துப் போட்டுவிட்டு 1991-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பெலாரஸ், கஜகஸ்தான், உக்ரைன் ஆகிய மூன்றும் சோவியத் ஒன்றியம் தங்கள் மண்ணில் விட்டுச்சென்ற குண்டுகளை ரஷ்யாவுக்கு அனுப்பிவைத்தன. உக்ரைன் ஏமாந்ததே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1994-இல் புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவற்றிடமிருந்து அதற்குக் கிடைத்தது ‘உன் எல்லையை மதிப்போம்’ என்ற உறுதிமொழி மட்டுமே. மீறியவரைத் தடுக்கும் வழி எதுவும் அந்தத் தாளில் இல்லை. அடுத்த பேச்சில் முதலில் சரிசெய்ய வேண்டிய ஓட்டை அது.

1986 வாக்கில் உலகில் சுமார் 70,000 அணுகுண்டுகள் இருந்தன. இன்று சுமார் 12,000. மீதி எங்கே போயின? 1987-இல் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட நடுத்தரத் தொலைவு ஏவுகணை ஒப்பந்தத்தின்படி 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. இரு தரப்பு ஆய்வாளர்களும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். 1993-இல் போட்ட இன்னொரு ஒப்பந்தத்தால், ரஷ்யக் குண்டுகளிலிருந்து எடுத்த 500 டன் செறிவூட்டிய யுரேனியத்தின் செறிவைக் குறைத்து, அமெரிக்க மின் நிலையங்களுக்கு எரிபொருளாக்கினார்கள். ஏறத்தாழ 20,000 குண்டுகளுக்கான சரக்கு அது. 2013 வரை இருபது ஆண்டுகள் நடந்த வேலை. இதையெல்லாம் வீண் பேச்சு என்று எப்படிச் சொல்வது?

பேச்சுவார்த்தை என்றாலே தலைவர்கள் கைகுலுக்கும் படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. உண்மையான வேலை எண்ணுவதில் இருக்கிறது. அமெரிக்காவும் ரஷ்யாவும் போட்டு, 2011-இல் நடைமுறைக்கு வந்த ‘நியூ ஸ்டார்ட்’ ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆளுக்கு நிலைநிறுத்திய குண்டுகள் 1,550, நிலைநிறுத்திய ஏவுகணைகளும் குண்டுவீச்சு விமானங்களும் சேர்த்து 700 என்பது வரம்பாக இருந்தது. ஒவ்வொரு தரப்புக்கும் ஆண்டுக்கு 18 நேரடி ஆய்வுகள். வருவதற்கு 32 மணி நேரம் முன்பு தகவல் சொன்னால் போதும். எந்தத் தளம் என்பதை அந்த நாட்டில் இறங்கிய பிறகே சொல்வார்கள். தளத்துக்குப் போனதும், எந்த ஏவுகணையில் எத்தனை குண்டு என்ற பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். ஆய்வாளர்கள் அதில் ஒரு ஏவுகணையைச் சுட்டுவார்கள். அதன் முனையைத் திறந்து, வடிவ ரகசியம் தெரியாதபடி உறை போர்த்தி, எண்ணிக்கொள்ள விடுவார்கள். ‘இது அணுகுண்டு இல்லை’ என்று சொல்லப்பட்ட பொருளில் சந்தேகம் வந்தால், நியூட்ரான் அளக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இப்படி 328 ஆய்வுகள் நடந்தன. 25,000-க்கும் மேற்பட்ட அறிவிப்புகள் கைமாறின.

அது எங்கே முறிந்தது? 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஆய்வுகளை நிறுத்தினார்கள். அவை திரும்பத் தொடங்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. 2026 பிப்ரவரி 5-இல் ஒப்பந்தத்தின் ஆயுளே முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன்: புதிய பேச்சு குண்டுகளின் எண்ணிக்கையில் தொடங்க வேண்டாம், ஆய்வாளர்களை மீண்டும் தளங்களுக்குள் அனுப்புவதில் தொடங்கட்டும். சரிபார்க்க ஆளில்லாத வரம்பை எந்த ராணுவத் தளபதியும் நம்ப மாட்டார். எதிரியிடம் கூடுதலாக இருப்பதாகவே கணக்குப் போட்டு, தானும் கூட்டுவார். சேமிப்புக் கிடங்கில் இருப்பவையும் குறுந்தொலைவு குண்டுகளும் பழைய ஒப்பந்தத்தில் அடங்கவில்லை. சீனாவும் அதில் இல்லை. இவற்றையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது ஜெனீவா. அங்குள்ள ஆயுதக் குறைப்பு மாநாட்டில் 65 நாடுகள்; ஆண்டுக்கு 24 வாரம் கூடுகிறார்கள். 1996-க்குப் பிறகு ஒரு ஒப்பந்தம்கூட அங்கிருந்து வரவில்லை. காரணம் அதன் விதிமுறை. ஒப்பந்த வாசகத்துக்கு மட்டுமல்ல, அந்த ஆண்டு எதைப் பேசுவது என்ற வேலைத்திட்டத்துக்கும் எல்லோரும் ஒப்ப வேண்டும். ஆண்டு முடிந்தால் திட்டமும் காலாவதி. 2009 மே 29-இல் அரும்பாடுபட்டு ஒரு திட்டம் ஏற்கப்பட்டது. அதைச் செயல்படுத்தும் முறைகளில் பாகிஸ்தான் முட்டுக்கட்டை போட, ஆண்டு கழிந்தது. 2010 ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து. ஒப்பந்தத்துக்கு ஒருமித்த கருத்து இருக்கட்டும், வேலைத்திட்டம் தானாக அடுத்த ஆண்டுக்குத் தொடரட்டும். இந்த ஒரு திருத்தம் வந்தாலே பாதிப் பூட்டு திறந்துவிடும்.

அங்கே சிக்கிக் கிடப்பது குண்டுக்கான புளூட்டோனியம், யுரேனியம் உற்பத்தியைத் தடுக்கும் ஒப்பந்தம். 8 கிலோ புளூட்டோனியம் ஒரு குண்டுக்குப் போதும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. ஏற்கெனவே இருக்கும் இருப்பையும் சேர்க்க வேண்டும் என்கிறது பாகிஸ்தான். இனி உற்பத்தி செய்வதை மட்டும் என்கிறது இந்தியா. 2008-இல் இந்தியாவுக்கு அணு வணிகச் சலுகை கிடைத்தபின், வெளியிலிருந்து எரிபொருள் வாங்கிக்கொண்டு சொந்த யுரேனியத்தைக் குண்டுக்குத் திருப்புமோ என்ற பாகிஸ்தானின் அச்சம் கூடியது. அதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தப் பேச்சுக்காக 1995-இல் ஏற்ற வரையறையே இருப்பு பற்றிய பேச்சை எந்த நாடும் உள்ளே வந்து எழுப்பலாம் என்கிறது. கதவை மறித்து நிற்கத் தேவையில்லை.

நம் பொறுப்புக்கும் வருகிறேன். 1996-இல் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை ஜெனீவாவில் தடுத்தது இந்தியாதான், அப்போது ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோய் 158-க்கு 3 என்ற வாக்கில் நிறைவேற்றினார்கள். அதே டெல்லி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் இஸ்லாமாபாத்துடன் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறது. உயர எழும்பி வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணையின் சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று 2005-இல் உடன்பாடும் போட்டது. விமானம்போலத் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. 2022 மார்ச் 9-இல் நம் குரூஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. டெல்லி அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது மார்ச் 11-இல். இரண்டு நாள்! குரூஸ் ஏவுகணைச் சோதனைக்கும் முன்னறிவிப்பு, தவறி ஏவினால் அந்த நிமிடமே தொலைபேசித் தகவல் என்ற இரண்டையும் 2005 உடன்பாட்டில் சேர்க்க, வல்லரசுகளின் அனுமதி நமக்குத் தேவையில்லை.